கன்ட்ரி பார்க்குக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, திரும்பி வர்றதைத் திட்டம் போடுங்க

வணக்கம்ங்க. இப்போ நான் நிக்கிறது ஹெய்னால்ட் ஃபாரஸ்ட் கன்ட்ரி பார்க். கிழக்கு லண்டன்ல இல்ஃபோர்ட், பார்க்கிங்சைட் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம்தான். ஏரி இருக்கு, சின்ன விலங்குப் பண்ணை இருக்கு, பின்னாடி பழைய ஹார்ன்பீம் மரக் காடு இருக்கு. ஸ்பெஷல் நீட்ஸ் இருக்கிற குழந்தையை இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டு வர்றது பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

நிறைய பேர் எங்க நடக்கலாம், என்ன பார்க்கலாம்னு யோசிச்சுட்டு வர்றாங்க. ஆனா பிரச்சனை வர்றது பெரும்பாலும் நடக்கும்போது இல்லைங்க. கார்ல இருந்து இறங்கும்போது, டாய்லெட் வாசல்ல, எல்லாத்துக்கும் மேல வீட்டுக்குக் கிளம்பும்போது. அதனால கிளம்புறதை முதல்ல முடிவு பண்ணுங்க. போன வழியிலேயே திரும்பி வர்ற பாதை வேணாம். விளையாட்டு இடத்தை ரெண்டு தடவை தாண்ட வேண்டி வரும், ரெண்டாவது தடவை குழந்தை நகராது. சுத்தி வந்து கார் பார்க்லயே முடியுற சின்ன வட்டப் பாதையா எடுங்க. முதல் தடவைக்கு நாற்பத்தஞ்சு நிமிஷம் போதும்.

அன்னைக்கு என்னென்ன நடக்கும்னு குழந்தைக்கு வரிசையாக் காட்டுற போட்டோ கார்டு செய்யும்போது கார், கேட், வாத்து, பெஞ்ச்ல ஸ்நாக்ஸ், மறுபடி கார், வீடுன்னு வீடு வரைக்கும் வைங்க. பல பேர் வாத்தோட நிறுத்திடுறாங்க. அப்போ வாத்துக்கு அப்புறம் என்னன்னு குழந்தைக்குத் தெரியாது, அங்கதான் அழுகை ஆரம்பிக்குது. அப்புறம், கிளம்ப அஞ்சு நிமிஷம்னு டைமர் வெச்சா அஞ்சே நிமிஷம்தான். பாவம்னு இன்னும் ரெண்டு நிமிஷம் கொடுத்தீங்கன்னா அடுத்த தடவை அந்த டைமருக்கு மதிப்பே இருக்காது.

நேரம். சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு பல பார்க்கில பார்க்ரன்னு ஒரு பொது ஓட்டம் நடக்கும். நூத்துக்கணக்கான பேர் ஓடுவாங்க, கைதட்டுவாங்க, கார் பார்க் நிரம்பிடும். ஞாயித்துக்கிழமை அதே ஒன்பது மணிக்கு சில இடத்தில பசங்களுக்கான ஜூனியர் பார்க்ரன். நீங்க போற பார்க்கில இருக்கான்னு முதல் நாளே பாருங்க. லேசா மழை தூறுற நாள் நமக்கு நல்ல நாள்ங்க, கூட்டமும் நாயும் கம்மி. டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும், கஃபே பூட்டினா அதுக்குள்ள இருக்கிற டாய்லெட்டும் பூட்டிடும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

பார்க்கிங் காசை போன் ஆப்ல, குழந்தை பெல்ட்டோட இருக்கும்போதே கட்டிடுங்க. மெஷின் முன்னாடி நீங்க நம்பர் பிளேட்டை அடிச்சுட்டு இருக்கிற அந்த அரை நிமிஷம்தான் ஓடிப் போற குழந்தைக்கு வசதி. இங்கிலாந்தில 2019 ஆகஸ்ட் மாசக் கடைசியில இருந்து வெளியில தெரியாத குறைபாடுகளுக்கும் புளூ பேட்ஜுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம்னா கிடைக்காதுன்னு இன்னும் நினைச்சுட்டு இருக்கிறவங்க, தயவுசெஞ்சு உங்க கவுன்சில்ல விண்ணப்பம் போடுங்க.

இப்போ டாய்லெட். இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா பாதி பயணம் இங்கதான் கெட்டுப் போகுது. ரேடார் சாவின்னு ஒண்ணு இருக்கு, சில பவுண்ட்தான், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளி டாய்லெட்டை அது திறக்கும். ஆனா அந்த ரூம் சின்னது. வாஷ் பேசினுக்குப் பக்கத்திலேயே ஹேண்ட் டிரையர் இருக்கும், கையைத் திருப்பினாலே சத்தம் போட ஆரம்பிச்சுடும். அதனால நீங்க முதல்ல உள்ள போய்ப் பாருங்க. குழந்தைக்குக் கதவுக்கு வெளியிலேயே காது மூடியை மாட்டிடுங்க. டிரையருக்கும் குழந்தைக்கும் நடுவில நீங்க நில்லுங்க. கை துடைக்க டிஷ்யூ உங்க பையிலேயே இருக்கட்டும். அப்புறம் ஒரு சிவப்புக் கயிறு தரை வரைக்கும் தொங்கும் பாருங்க, அது அவசர அலாரம். பார்த்தா இழுக்கணும்னுதான் குழந்தைக்குத் தோணும். அதை மேல தூக்கிக் கட்டாதீங்க, கீழ விழுந்து கிடக்கிறவங்களுக்கு எட்டணும். குழந்தை இழுத்துட்டா பதறாதீங்க, டாய்லெட் பக்கத்துச் சுவர்ல ரீசெட் பட்டன் இருக்கும்.

பெரிய பிள்ளைக்கு டயப்பர் மாத்தணும்னா சேஞ்சிங் பிளேசஸ் டாய்லெட் வேணும். பெரியவங்க படுக்கிற அளவுக்கு பெஞ்சும் தூக்குற ஹாய்ஸ்டும் இருக்கும். ஆனா ஹாய்ஸ்ட்ல மாட்டுற, ஆளைத் தாங்குற துணியான ஸ்லிங்கை நீங்கதான் கொண்டு போகணும். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி, "ஹாய்ஸ்ட் இன்னைக்கு வேலை செய்யுதா?"ன்னு கேளுங்க. இருக்கான்னு மட்டும் கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவாங்க.

வீல்சேர்காரங்க கேட்டைப் பத்தியும் கேட்டுக்கோங்க. அரை வட்ட வேலிக்குள்ள ஆடுற கிஸ்ஸிங் கேட் இருந்தா வீல்சேர் அதுக்குள்ள திரும்பாது. சில கேட்டுல ரேடார் பூட்டு இருக்கும், அதே சாவியைப் போட்டா அகலமாத் திறக்கும். மரத்தூள் கொட்டின பாதையில முன்சக்கரம் புதைஞ்சா தள்ளாதீங்க. சேரைப் பின்னாடி சாய்ச்சு, திருப்பி, பின்பக்கமா இழுத்துட்டுப் போங்க.

ஏரி. ஆட்டிசம் இருக்கிற குழந்தைங்க பல பேருக்குத் தண்ணின்னா அப்படி ஒரு ஈர்ப்பு, ஆனா ஆபத்து தெரியாது. கார்ல இருந்து இறங்கினதும் அன்னைக்குப் போட்டிருக்கிற டிரெஸ்ஸோட ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. டிரெஸ் பளிச்சுனு ஆரஞ்சு, மஞ்சள்னு இருக்கட்டும், பச்சையும் பிரவுனும் இந்தக் காட்டுக்குள்ள கண்ணுக்கே தெரியாது. கையில உங்க போன் நம்பர் போட்ட கைப்பட்டை கட்டுங்க. குழந்தை காணோம்னா, எந்தப் பக்கம் போச்சுன்னு நீங்க நினைச்சாலும் சரி, முதல்ல தண்ணிப் பக்கம் ஓடுங்க. இன்னொருத்தர் உடனே அவசர எண் 999 அடிச்சு போலீஸைக் கேக்கட்டும், ஆட்டிசம்னும் பக்கத்தில ஏரி இருக்குன்னும் முதல் வாக்கியத்திலேயே சொல்லட்டும். தண்ணியில விழுந்துட்டாங்கன்னா கேக்க வேண்டியது ஃபயர் சர்வீஸை, கூடவே ஆம்புலன்ஸையும். பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாத குழந்தை பிடிச்ச பாட்டைப் பாடினா நிக்கலாம், அதையும் பாருங்க.

கடைசியா உண்ணி. புல்லும் மான் நடமாட்டமும் இருக்கிற இடத்தில இது உண்டு, லைம் நோயைப் பரப்பும். பேண்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிவிடுங்க. சாக்ஸே போட விடாத குழந்தைன்னா, புல் வெட்டின பாதையை விட்டு விலகாதீங்க. வீட்டில குளிக்க வைக்கும்போது காதுக்குப் பின்னாடி, அக்குள், முழங்காலுக்குப் பின்புறம், தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்க. ஒட்டியிருந்தா நுனி மெல்லிசான ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு, நசுக்காம, மெதுவா நேரா மேல இழுங்க. எண்ணெய், நெருப்புக்குச்சி எதுவும் வேணாம். மூணு மாசம் வரைக்கும் கண் வெச்சுக்கோங்க. கடிச்ச இடத்தைச் சுத்தி சிவப்பு பரவிக்கிட்டே போனா, இல்ல காய்ச்சல் வந்தா, ஜிபிகிட்ட, அதாவது உங்க குடும்ப டாக்டர்கிட்ட போய் உண்ணி கடிச்ச தேதியைச் சொல்லுங்க. தனக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத குழந்தைக்காக அந்தத் தேதியை காலண்டர்ல எழுதி வைங்க.