ஓடாமலே கிழடான டயர்

நேயர்களுக்கு வணக்கம். ஆரையம்பதியில் கல்முனை வீதியோரமாக இருபத்திரண்டு வருடங்களாக டயர் கடை வைத்திருக்கிறேன். வானொலியில் டயரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். மனைவி உடனே, “அந்த மகா ஓயாக் கதையையும் சொல்லுவீங்களோ?” என்று கேட்டுவிட்டார். சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2019 ஆவணி மாதம். கண்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். எங்கள் வானில் எட்டுப் பேர். செங்கலடியில் கிறுகி, கரடியனாறு தாண்டியதும் பின்சில்லு ஒன்றில் ஆணி ஏறிக் காற்றுப் போய்விட்டது. அது ஒரு பெரிய விசயமா? வானுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்பெயார் டயரை இறக்கி மாட்டினேன். வானோடு வந்த டயர். ஒரு நாள்கூடத் தரையைத் தொட்டதில்லை. டயரின் முகத்தில் வெட்டியிருக்கும் காடிகள் எல்லாம் அப்படியே ஆழமாக இருந்தன. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. “டயர்க்காரன்ட வான் எண்டா இப்பிடித்தான் இருக்கும்” என்று மாமி பின்னால் இருந்தவர்களுக்குப் பெருமையாகச் சொன்னார்.

மகா ஓயாவுக்குக் கொஞ்சம் முன்னே அது வெடித்தது.

நல்ல காலம், வேகமாகப் போகவில்லை. வான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஓர மண்ணில் நின்றது. ஆருக்கும் ஒரு கீறலும் இல்லை. இறங்கிப் பார்த்தால், வாழைப்பழத் தோலை உரித்த மாதிரி டயரின் முகம் தனியாக, உள் நாரும் கம்பியும் தனியாகக் கிடந்தன. பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்தேன். 3107 என்று நான்கு எண்கள். 2007ஆம் ஆண்டின் 31ஆவது வாரம் செய்த டயர். பன்னிரண்டு வயது. கண்டி போய்ச் சேரும்வரை மாமி என்னோடு பேசவில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நான்கு எண்ணைக் காட்டிக் கதைக்கிற ஆள் நான். என் வானுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்களும் பெரும்பாலும் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 1822 என்றால் 2022ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருந்தால், வெளியில் நின்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. குனிந்து உள்பக்கம் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ரப்பர் ஓடித் தேய்வது ஒரு சாவு. நின்ற இடத்திலேயே சாவது இன்னொன்று. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுக்கி, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். டயர் செய்யும்போதே அதைத் தடுக்க ஒரு மெழுகு கலக்கிறார்கள். டயர் ஓடும்போது, நெளியும்போது அந்த மெழுகு மேலே கசிந்து வந்து காக்கும். ஓடாத டயரில் அது சரியாக வராது. அதனால்தான் ஸ்பெயார் டயரும், வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்தால் மட்டும் எடுக்கிற காரின் டயரும் பார்வைக்குப் புதிதாக இருந்துகொண்டே கிழடாகிவிடுகின்றன. ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்றுங்கள் என்று பெரிய டயர் கம்பனிகளே சொல்கின்றன. நம்முடைய கச்சான் காற்றுக் காலத்து வெயிலுக்குப் பத்து வருடம் அதிகம் என்பது என் எண்ணம். நான் ஏழுக்கு மேல் விடமாட்டேன். நம் நாட்டுக்கு 2020 பங்குனியிலிருந்து புது வாகனம் வருவது நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் கதவு திறந்தது. இருந்த வாகனத்தையே வைத்து ஓட்டிய காலம் அது. அந்த வாகனங்களின் அடியில் தொங்கும் டயர்களுக்கு இப்போது என்ன வயது என்று ஒரு தடவை பாருங்கள்.

இனிக் காற்று. என் கடையில் அதிகம் வாக்குவாதம் நடப்பது இதில்தான்.

காத்தான்குடியிலிருந்து ஒரு காக்கா சின்ன லொறியில் சாமான் ஏற்றுகிறவர். கார் ஒன்றும் வைத்திருக்கிறார். காரைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, “தம்பி, நாப்பத்திநாலு அடி” என்றார். ஏன் காக்கா என்று கேட்டேன். “டயரிலயே எழுதிக் கிடக்கே” என்றார். எழுதித்தான் இருந்தது. ஆனால் அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அடிக்க வேண்டிய அளவு இல்லை. அடிக்க வேண்டியது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் எழுத்து நமக்கு விளங்காது, எண் விளங்கும். கிலோபாஸ்கலில் 230 என்றிருந்தால் நம்முடைய பிஎஸ்ஐ கணக்கில் 33. 220 என்றால் 32. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் வேறு வேறு எண் இருந்தால் அதற்கும் காரணம் உண்டு. “அப்ப இவ்வளவு நாளும் நான் கல்லுக்கு மேலயா ஓடினன்?” என்று காக்கா கேட்டார். ஓம், அப்படித்தான். காற்றுக் கூடினால் டயர் நடுவால் மட்டும் தரையைத் தொடும், நடுவால் தேயும், பள்ளத்தில் விழுந்தால் தாங்காது, பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

குறைந்தால் அதைவிட மோசம். டயரின் இரண்டு ஓரமும் தேயும் என்பது பணக் கணக்கு மட்டும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நெளிகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் சூடாகி முறிகிறதே, அதே மாதிரிதான். வெளியில் தார் றோட்டின் சூடு, மேலே ஆட்களின் பாரம், உள்ளே இந்தச் சூடு. வெடிக்கிற டயர்களைக் கிழித்துப் பார்த்தால் பெரும்பாலும் காற்றுக் குறைவாக ஓடிய அடையாளம் தெரியும். உள்பக்கம் கறுப்புத் தூளாக ரப்பர் உதிர்ந்து கிடக்கும்.

ஓட்டை எதுவும் இல்லாத டயரில்கூட மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ குறையத்தான் செய்யும். அதனால் மாதத்துக்கு இரண்டு தடவை பார்ப்பது போதும். ஆனால் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். பொத்துவிலிலிருந்து ஓடி வந்த சூட்டோடு பார்த்தால் நாலு, ஐந்து கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுகா, அடுத்த நாள் காலை டயர் ஆறிப்போயிருக்கும்போது காற்று உண்மையிலேயே குறைந்திருக்கும். நைதரசன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். அடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் நாம் சும்மா அடிக்கிற காற்றிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைதரசன்தான். அந்தக் காசுக்குச் சொந்தமாக ஒரு அளவுமானி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மாரி பற்றியும் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கல்முனை வீதியில் எந்த நேரத்தில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று தெரியாது. படுவான்கரைப் பக்கம் வயல் வட்டைத் தண்ணி றோட்டைக் கடந்து ஓடும். டயரின் காடிகள் அழகுக்கு வெட்டியவை இல்லை. தரைக்கும் ரப்பருக்கும் இடையில் வருகிற தண்ணீரை அவைதான் அள்ளி ஓரத்துக்கு எறிகின்றன. காடி ஆழமில்லாவிட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் டயருக்கு அடியில் மெத்தை போல நின்று வண்டியைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாக, வெறுமையாகத் தோன்றினால் அதுதான் விசயம். அப்போது பிரேக்கைக் குத்தாமல் அக்சிலேட்டரை மெதுவாக விட வேண்டும். புதுக் கார் டயரில் காடி ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். காடிக்குள் குறுக்காகச் சின்ன மேடுகள் தெரியும், 1.6 மில்லிமீற்றர் உயரம். டயரின் முகம் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பேன். ஐப்பசியில் 3 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு மாற்றலாம் என்று யோசிக்கிறவர்கள் மழை முழுவதும் மொட்டை டயரில் ஓடிவிட்டு, வெயில் வந்த பிறகு புது டயர் போடுகிறார்கள்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவை எங்கே? முன்னுக்குப் போடச் சொல்லித்தான் எல்லோரும் கேட்பார்கள். பின்னுக்குப் போடுங்கள். முன்சில்லு சறுக்கினால் ஸ்டியரிங்கில் உடனே தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சில்லு சறுக்கினால் வண்டி பம்பரம் மாதிரிச் சுற்றும், அனுபவசாலிக்கும் கஷ்டம்.

டயர் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் பழைய டயரில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். 175/65 ஆர் 14 82 டி என்று இருந்தால், அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், உள்ளே பொருந்தும் ரிம் 14 அங்குலம். 82 என்பது ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. டி என்றால் மணிக்கு 190 கிலோமீற்றர் வேகம் வரை. வேகத்தை விடுங்கள், இங்கே அந்த வேகத்தில் ஓட ஆருக்கும் இடமில்லை. பாரக் குறியைத்தான் நம் ஆட்கள் பார்ப்பதில்லை. வாழைச்சேனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவந்து விற்கிற தம்பி ஒருவர் பின்சில்லுக்கு மலிவாக ஒன்று கேட்டார். அவர் கேட்ட டயரில் 41 என்று இருந்தது, 145 கிலோ. ஐஸோடு மீன் பெட்டி, அவர், வண்டியின் பின்பாரம் எல்லாம் சேர்த்தால் அது போதாது. அவரது மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தும் அளவிலேயே 50 குறி உள்ளதைக் காட்டினேன், 190 கிலோ. விலை கொஞ்சம்தான் கூட. “அண்ணே, ஒரு பாரை மீனுக்கு வராது இந்தக் காசு” என்று சிரித்துக்கொண்டு வாங்கிப் போனார்.

கிறவல் றோட்டில் அதிகம் ஓடுகிறவர்கள் பெரிய கட்டைகளாக வெட்டிய, பக்கச் சுவர் தடித்த டயராகப் பாருங்கள். தாரில் கொஞ்சம் சத்தம் போடும், பெற்றோலும் சற்றுக் கூடக் குடிக்கும். வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் உள்வீதிகளில் ஓடுகிறவருக்கு அது பெறும். டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவர் அழகுக்காக அதைப் போடுவது வீண் செலவு. ரப்பர் ஏற்றிப் புதுப்பித்த ரீபில்ட் டயரைப் பற்றிப் பலருக்குப் பயம். ஆகாய விமானத்துக்கே அப்படிப் புதுப்பித்த டயர் போடுகிறார்கள். நல்ல உடம்புள்ள டயரில் ஒழுங்காகச் செய்திருந்தால் லொறியின் பின்சில்லுக்குத் தாராளமாகப் போடலாம். முன்சில்லுக்கு நான் போட்டுக் கொடுக்க மாட்டேன். பக்கச் சுவரில் வெடிப்பு வந்த டயரை ஒட்டித் தரச் சொன்னாலும் மாட்டேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு.

அந்த மகா ஓயா டயரை நான் எறியவில்லை. கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன், 3107 தெரியும்படி. மாரி தொடங்கியதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்கு நுளம்பு பார்க்க வந்தார். டயர் கடை என்றால் அவர்கள் முதலில் வருவார்கள். பழைய டயருக்குள் ஒரு சிரட்டை தண்ணீர் நின்றாலே நுளம்புக்குப் போதும். “இதுக்குள்ள தண்ணி நிக்காதோ?” என்று கேட்டார். “அடியில நாலு ஓட்டை போட்டிருக்கிறன் ஐயா” என்று காட்டினேன். ஏன் எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த நான்கு எண்ணையும் வாசித்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய், வாசலில் நிறுத்தியிருந்த தன் மோட்டார் சைக்கிளின் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, விரலால் சேற்றைத் துடைக்கத் தொடங்கினார்.