பொறுப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

அனைவருக்கும் வணக்கம். 'சில்லறை வணிகத்தில் சமூகப் பொறுப்பு: செலவா, வரவா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. நடுவர் யாரும் இல்லாததால் தீர்ப்பையும் நானே சொல்லிவிடுகிறேன்: அதை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சமூகப் பொறுப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு புகைப்படம். ஆள் உயர அட்டைக் காசோலை, அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சிரிக்கும் நாலைந்து பேர். நன்கொடையை நான் குறைசொல்ல வரவில்லை. வாங்கியவருக்கு அது உதவிதான். ஆனால் அது லாபம் வந்த பிறகு எடுத்துக் கொடுப்பது. லாபம் எப்படி வந்தது என்ற கேள்விப் பக்கமே அது போவதில்லை. கடையின் பொறுப்பு கொள்முதல் மேசையிலும் குப்பைத் தொட்டியிலும்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

1844 டிசம்பர் 21. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் ஒரு கடையைத் திறந்தது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி, ஆரம்பத்தில் சரக்கு அவ்வளவுதான். மாவில் படிகாரம் கலப்பதெல்லாம் சர்வசாதாரணமாக இருந்த காலம் அது. இவர்களோ கலப்படம் இல்லாத பொருள், குறையாத எடை என்று நின்றார்கள். வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினர்களுக்கு லாபத்தில் பங்கும் கொடுத்தார்கள். இன்றைக்கும் உலகக் கூட்டுறவு இயக்கம் அவர்களைத்தான் முன்னோடிகள் என்கிறது. சரியாக நிறுத்துக் கொடுத்ததே அங்கே தொண்டு, அதுவே விளம்பரம்.

சரி, நம் காலத்துக்கு வருவோம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில், டாக்காவை அடுத்த சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்துபோனார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்துவிட்டது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைக்காரர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வணிகம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். தங்கள் துணி அங்கே தைக்கப்பட்டதா என்று கேட்டபோது சில நிறுவனங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆர்டர் ஒருவரிடம் போகும், அவர் இன்னொருவரிடம் தள்ளிவிடுவார், அவர் வேறொருவரிடம். அறத்தைக்கூட ஒரு நிமிடம் ஒதுக்கி வைப்போம். சரக்கு எங்கே தயாராகிறது என்றே தெரியாதவர், அதன் தரத்துக்கும் வந்துசேரும் தேதிக்கும் எப்படி உத்தரவாதம் கொடுப்பார்? அடுத்த மாதமே தீ, கட்டடப் பாதுகாப்புக்காக ஓர் ஒப்பந்தம் வந்தது. 200க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. மீறினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய ஒப்பந்தம். அதுவரை அவரவர் தாமாக எழுதிவைத்திருந்த உறுதிமொழிகளால் பயன் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி வரவுப் பக்கம். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற கடைத்தொடர், சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்குமாக 2007இல் 'பிளான் ஏ' என்று ஒரு திட்டம் அறிவித்தது. மாற்றாக 'பிளான் பி' கிடையாது என்பதால் அந்தப் பெயர். ஐந்து ஆண்டு, 100 வாக்குறுதி, 20 கோடி பவுண்டு ஒதுக்கீடு. பணம் போனது போனதுதான் என்று பலர் நினைத்திருப்பார்கள். 2012-13 நிதியாண்டில் 13.5 கோடி பவுண்டு நிகரப் பலன் என்று அந்த நிறுவனம் கணக்குக் காட்டியது. சொந்தக் கணக்குதான், கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் மின்சாரம், பொட்டலம் கட்டும் செலவு, கழிவு, வண்டி எரிபொருள் என்று எங்கே மிச்சம் பிடிக்க முடியும் என்பது கடை நடத்துகிற யாருக்கும் புரியும்.

குப்பைத் தொட்டி என்றேனே, அதையும் பார்த்துவிடலாம். பிரான்சில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சாப்பிடத் தகுந்த உணவை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றது. சட்டம் இல்லாமலே இதைச் செய்ய ஒரு காரணம் இருக்கிறது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 17 நாடுகளில் 700 நிறுவனங்களின் ஏறத்தாழ 1,200 இடங்களைப் பார்த்தது. உணவு வீணாவதைக் குறைக்கப் போட்ட ஒரு டாலருக்குப் பாதி இடங்களில் 14 டாலரோ அதற்கு மேலோ திரும்பி வந்திருந்தது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தினமும் என்ன வீசுகிறோம் என்று எடைபோட ஆரம்பித்தால், எந்தச் சரக்கை அளவுக்கு மீறி ஆர்டர் போடுகிறோம் என்பது வெளிவந்துவிடும். அந்தத் தொட்டி, கொள்முதல் செய்கிறவரின் மதிப்பெண் பட்டியல்.

எல்லாமே இப்படி இனிப்பாக முடியும் என்று சொன்னால் பொய். அமெரிக்காவின் சிவிஎஸ் மருந்துக் கடைகள் 2014இல் சிகரெட் விற்பதை நிறுத்தின. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் வியாபாரம் அது. மருந்து தவிர்த்த மற்ற பொருள்களின் விற்பனை நிஜமாகவே அடிவாங்கியது. ஆனாலும் அந்த ஆண்டு மொத்த வருவாய் ஏறியது, முக்கியமாக மருந்துச் சேவைப் பிரிவால். உடல்நல நிறுவனம் என்று பெயர் எடுக்க நினைப்பவர் கல்லாவுக்குப் பின்னாலேயே சிகரெட்டை அடுக்கி வைத்திருந்தால் யார் நம்புவார்கள்? இங்கே நஷ்டம் உடனே தெரிந்தது. லாபம் மெதுவாக, வேறு கதவு வழியாக வந்தது. அதுவரை தாக்குப்பிடிக்க முதலீடு இருந்தவரால்தான் அது முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கடைசியாக ஒன்று. இது எந்தப் பொறுப்பு அறிக்கையிலும் பளபளப்பான படத்தோடு வராது. சப்ளையருக்குப் பணம் எத்தனை நாளில் போகிறது? ஒரு பக்கம் நன்கொடை கொடுத்துக்கொண்டே மறுபக்கம் சிறு சப்ளையரின் பில்லை மூன்று மாதம் இழுத்தடிக்கும் வியாபாரம் உண்டு. அது அவருடைய காசில் வட்டியில்லாமல் கடை நடத்துவது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல், பெரிய வாங்குநர்களிடமிருந்து சிறு சப்ளையர்களைக் காக்க, கெட்டுப்போகும் உணவுப் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. சொன்ன நாளில் பணம் வந்தால் சப்ளையர் நல்ல சரக்கை முதலில் யாருக்கு அனுப்புவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. யாராவது தங்கள் சமூகப் பொறுப்பு அறிக்கையை என்னிடம் நீட்டினால், சப்ளையர் பாக்கிப் பட்டியலையும் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்பேன். பெரும்பாலும் அந்த இடத்தில் டீ வந்துவிடும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.