வடை எங்கே இருக்கிறது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பில் முதலில் வேண்டியது கோடும் வடிவமும் பிசகாமல் வரையும் கைத்திருத்தமா, கதை சொல்லும் படமா? கதைதான் முதலில் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி என்ன சொன்னார்? கோடே நேராக வராத பிள்ளை கதையை எப்படி வரையும்? அதனால் முதலில் வட்டம், சதுரம். பிறகு இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை என்றார். கரும்பலகையைப் பார்த்து அந்த மலையை வரைந்த பிள்ளையிடம், "மலைக்குப் பின்னால் என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். அது வேறொருவருடைய மலை.

கதை வகுப்புக்கு என்ன வேண்டும்? 22க்கு 28 அங்குல சார்ட் ஒன்றை நீளவாக்கில் மூன்று பட்டையாக வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையையும் குறுக்கே இரண்டு முறை பாதியாக மடித்தால் 7 அங்குலத்தில் நாலு கட்டம். 30 பிள்ளைகளுக்குப் 10 சார்ட் போதும். ஏ4 தாளில் இதையே செய்தால் கட்டம் 3 அங்குலத்துக்கும் கீழே போய்விடும். க்ரேயானுக்கு இடம் பற்றாது. பென்சில், ரப்பர் இரண்டும் வேண்டாம். ரப்பர் இருந்தால் முதல் கட்டத்துக் காகத்தின் கண்ணையே அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்கும் பிள்ளை, பீரியட் முடிந்துவிடும்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். வரையச் சொன்னால் பல பட்டைகளில் நாலு கட்டத்திலும் ஒரே படம்தான் வரும்: மரம், காகம், அலகில் வடை. கதையை வாயால் பிழையில்லாமல் சொல்லும் பிள்ளைக்கும் இப்படி ஆகும். காகத்தை வரையத் தெரிகிறது. நடந்ததை வரைய இன்னும் பிடிபடவில்லை. "இன்னும் நல்லா வரை" என்றால் காகம் அழகாகும், கதை அங்கேயே நிற்கும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வடை எங்கே இருக்கிறது? முதலில் பாட்டியின் தட்டில், அடுத்து காகத்தின் அலகில், மூன்றாவதில் அந்தரத்தில், நாலாவதில் நரியின் வாயில்.

அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் நான் பொக்கிஷம் என்பேன். வடை அந்தரத்தில் இருக்க வேண்டுமென்றால் காகத்தின் அலகு திறந்திருக்க வேண்டும். நரி அண்ணாந்து பார்க்க வேண்டும். அண்ணாந்த முகத்தை எப்படிப் போடுவது என்று பிள்ளை தானாக வந்து கேட்கும். அப்போது சொல்லிக்கொடுங்கள். எதிரணி கேட்ட கைத்திருத்தம் இங்கேதான் உள்ளே வருகிறது, நடுவர் அவர்களே!

பாட்டியைவிட வடை பெரிதாக இருந்தால் அதையாவது திருத்த வேண்டாமா என்றும் எதிரணித் தோழி கேட்டார். வேண்டாம். தனக்கு முக்கியமானதைப் பெரிதாக வரைவது இந்த வயதின் இயல்பு என்று ஓவியக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947லேயே எழுதியிருக்கிறார். வடையைச் சுருக்கினால், இந்தக் கதையில் எது பெரிது என்று பிள்ளை சொன்னதையே அழித்துவிடுகிறோம்.

திருத்த வேண்டிய பிழை வேறு. மூன்றாவதில் ஆரஞ்சு நரி, நாலாவதில் பழுப்பு நரி. வடையை நாய் தின்றுவிட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அதனால் வரையத் தொடங்குமுன்பே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு அடையாளம் முடிவு செய்யச் சொல்ல வேண்டும்: வால் நுனியில் வெள்ளை, கழுத்தில் ஒரு கோடு, இப்படி. இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திருவாரூர்த் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் குரங்கு முகம் கொண்ட புராண மன்னன் முசுகுந்தன் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. தமிழில் குறிப்பும் உண்டு. எத்தனை பேர் கூடி நின்றாலும் அந்த முகத்தை வைத்து முசுகுந்தனைக் கண்டுபிடித்துவிடலாம்.

போட்டியில் இந்தப் படங்களுக்குப் பரிசு கிடைக்காது என்றார் தோழி. கிடைக்காமல் போகலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பிலேயே ஒரு சோதனை இருக்கிறது. வரைந்த பிள்ளை வாய் திறக்கக் கூடாது. பக்கத்துப் பிள்ளை பட்டையைப் பார்த்துக் கதை சொல்ல வேண்டும். எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறதோ, அதன்மேல் அதே அளவில் ஒரு தாளை ஒட்டி அதை மட்டும் மறுபடி வரையலாம். பட்டை முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. இரண்டு மலை, ஒரு சூரியன், ஒரு தென்னையை வைத்து இதே சோதனையை எதிரணி இந்த மேடையில் நடத்திக் காட்டட்டும், நடுவர் அவர்களே.