நூறு பக்கத்துக்குள் சந்தைப் பொருளாதாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

சுதந்திரச் சந்தை, தனிமனித சுதந்திரம், அரசாங்கத்தின் எல்லை ஆகியவற்றைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்கலாம் என்று என்னிடம் படித்த பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் ஆடம் ஸ்மித்தை எடுத்துக் கொடுப்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். கொடுக்க மாட்டேன். 1776-ல் வந்த அவருடைய 'நாடுகளின் செல்வம்' மிகப் பெரியது. குண்டூசித் தொழிற்சாலை வரும் முதல் அத்தியாயத்தோடு பாதிப் பேர் மூடி வைத்துவிடுவார்கள். முதலில் மெல்லிய புத்தகம் வேண்டும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிட வேண்டும். ஆனால் முடித்த பிறகு, செய்தித்தாளை முன்போலப் படிக்க முடியாமல் செய்ய வேண்டும்.

அப்படிப்பட்ட புத்தகங்களை எழுதியவர்களில் முதல் ஆள் பிரெடரிக் பாஸ்டியா. பிரான்சுக்காரர். கிராமத்தில் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1848-ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1850 டிசம்பரில் ரோம் நகரில் காலமானார். அப்போது வயது 49. அந்தக் கடைசி ஆண்டில்தான் 'சட்டம்' என்ற சிறு நூலையும், 'கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்' என்ற கட்டுரையையும் எழுதினார்.

இரண்டாவதில் இருந்து தொடங்குங்கள். ஒரு கடைக்காரரின் மகன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். கூடியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள்: கண்ணாடி உடைந்தால்தானே கண்ணாடிக்காரனுக்குப் பிழைப்பு! ஆறு பிராங்க் கண்ணாடிக்காரர் கைக்குப் போகிறது. அது எல்லோருக்கும் தெரிகிறது. பாஸ்டியா கேட்பது வேறு. கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால் அந்தக் கடைக்காரர் அதே ஆறு பிராங்கில் புதுச் செருப்பு வாங்கியிருப்பார், அல்லது தன் அலமாரிக்கு ஒரு புத்தகம் வாங்கியிருப்பார். கண்ணாடியும் இருந்திருக்கும், செருப்பும் இருந்திருக்கும். அந்தச் செருப்புத் தைப்பவருக்கு வராமல் போன வேலையை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அது நடக்கவே இல்லை.

"இடிச்சுக் கட்டினாத்தானே நாலு பேருக்கு வேலை" என்று நம் ஊரில் சொல்லாதவர்கள் உண்டா? ஒரு அறிவிப்பு வரும், ஒரு திட்டம் வரும், இத்தனை பேருக்கு வேலை என்பார்கள். அந்த நாலு பேர் படத்தில் நிற்பார்கள். அதற்கான பணம் யாரிடமிருந்து வந்தது, அவர்கள் அதைக் கொண்டு என்ன செய்திருப்பார்கள் என்பது எந்தப் படத்திலும் வராது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் போதும். நான் இன்று சொல்லப்போகும் மற்றப் புத்தகங்கள் எல்லாம் இதே கேள்வியைத்தான் வேறு வேறு இடங்களில் கேட்கின்றன.

'சட்டம்' நூலில் பாஸ்டியாவின் குரல் இன்னும் காட்டமாக இருக்கும். ஒருவன் இன்னொருவன் பொருளைப் பறித்தால் திருட்டு. அதையே சட்டத்தின் வழியாகச் செய்தால்? அதுவும் கொள்ளைதான், சட்டபூர்வமான கொள்ளை என்கிறார். கேட்கும்போது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சூடு போலத் தோன்றும். ஆனால் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதை நினைத்துப் பாருங்கள்:

"வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு."

வேலைப் பிடித்துக்கொண்டு 'கொடு' என்று வழிப்பறிக்காரன் கேட்பதும், செங்கோலைப் பிடித்துக்கொண்டு அரசன் கேட்பதும் ஒன்றுதான். நம் பாண்டிய நாட்டிலேயே இதைவிட நுட்பமான ஒரு பாடம் இருக்கிறது. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது, புறநானூற்றில் 184-ஆம் பாட்டு. ஒரு மா என்ற பழைய நில அளவுக்கும் குறைந்த நிலத்தில் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். அதே யானை நூறு வயலுக்குள் தானாகப் புகுந்து தின்றால், "வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்." வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம். வரி என்றால் எவ்வளவு வாங்கினார்கள் என்று மட்டும் நாம் கணக்குப் பார்க்கிறோம். மிதிபட்டது எவ்வளவு என்று கேட்டவர் பிசிராந்தையார். பாஸ்டியாவைப் படிக்கிறவர்கள் இந்தப் பாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது ஹென்றி ஹாஸ்லிட், அமெரிக்கப் பத்திரிகையாளர். குடும்பக் கஷ்டத்தில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1946-ல் 'ஒரே பாடத்தில் பொருளாதாரம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பாஸ்டியாவின் கண்ணாடிக் கதையை எடுத்துக்கொண்டு வரி, இறக்குமதித் தீர்வை, விலைக் கட்டுப்பாடு, குறைந்தபட்சக் கூலி என்று ஒவ்வொன்றாகப் போகிறார். ஒரு கொள்கையின் உடனடி விளைவை மட்டும் பார்க்காதே, தள்ளி வரும் விளைவையும் பார். ஒரு கூட்டத்துக்கு என்ன கிடைத்தது என்பதோடு நிறுத்தாதே, எல்லோருக்கும் என்ன ஆயிற்று என்று பார். அந்த ஒரே பாடம் இதுதான்.

அதில் வாடகைக் கட்டுப்பாடு பற்றிய அத்தியாயத்தை மதுரைக்காரர்கள் அவசியம் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019-ல்தான் அமலுக்கு வந்தது. குடியிருப்பவரைத் திடீரென்று வெளியேற்றக் கூடாது, வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது என்ற நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய வாடகையிலேயே ஆண்டுக்கணக்காக நிற்கும் ஒரு கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கும், மச்சில் ஆலங்கன்று முளைத்திருக்கும். வருகிற வாடகையில் ஒரு கொத்தனார் கூலி கூடத் தேறாது என்றால் உரிமையாளர் எதற்குப் பூசுவார்? பக்கத்திலேயே ஒரு வீட்டைப் பூட்டியே வைத்திருப்பார், வாடகைக்கு விட்டால் திரும்பி வராது என்ற பயத்தில். குடியிருக்கும் குடும்பம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, வீடு கிடைக்காமல், ஒத்திக்கும் அட்வான்சுக்கும் பணம் புரட்டிக்கொண்டு அலையும் இளம் தம்பதி தெரிவதில்லை. ஹாஸ்லிட் அவர்களைக் காட்டுகிறார்.

சரி, மூன்றாவது. இது புத்தகம்கூட இல்லை, சில பக்கக் கட்டுரை. லெனர்ட் ரீட் 1958-ல் எழுதிய 'நான், பென்சில்'. ஒரு பென்சில் தன் வரலாற்றைத் தானே சொல்கிறது. மரம் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து, உள்ளே எழுதும் கிராஃபைட் கரி இலங்கையிலிருந்து, இன்னும் எங்கெங்கிருந்தோ மற்றவை. என்னை முழுசாகச் செய்யத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவரும் இல்லை என்கிறது அந்தப் பென்சில். இலங்கைச் சுரங்கத்தில் இறங்குகிறவருக்குப் பென்சில் வேண்டியதில்லை, கூலி வேண்டும். மரம் வெட்டுகிறவருக்கும் அப்படித்தான். யாரும் உத்தரவு போடவில்லை, ஆனாலும் பிள்ளையின் கையில் பென்சில் வந்து சேர்கிறது.

பென்சிலை முடித்த கையோடு பொருளாதார அறிஞர் பிரெடரிக் ஹையக் 1945-ல் எழுதிய ஒரு கட்டுரையைப் படிக்கலாம். சமூகத்தில் அறிவு எப்படிப் பயன்படுகிறது என்பது பற்றியது. வாக்கியங்கள் நீளம், இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். உலகத்தில் எங்கோ வெள்ளீயம் தட்டுப்பாடாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஏன் தட்டுப்பாடு என்று அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. விலை ஏறியது என்று தெரிந்தால் போதும், சிக்கனமாகப் பயன்படுத்துவார்.

வெள்ளீயம் நமக்குத் தூரம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய் நில்லுங்கள். மார்கழி, தையில் பனி விழுகிறது, செடியில் மொட்டு குறைகிறது. பொங்கலும் தை முகூர்த்தமும் வேறு. கமிஷன் கடையில் மல்லிகை கிலோ ஆயிரங்களில் போகிறது. கோயில் வாசலில் பூ கட்டி விற்கும் அக்காவுக்கு எந்தத் தோட்டத்தில் பனி விழுந்தது என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு அவர் மல்லிகையைக் குறைத்து வாங்கி, பிச்சியும் காக்கரட்டானும் சேர்த்து வாங்குகிறார். பங்குனி, சித்திரையில் பூ கொட்டுகிறது, விலை விழுகிறது. அப்போது செண்ட் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். பனி, முகூர்த்தம், வாசனைத் தொழில், வாசலில் முழம் போடுகிற பெண் எல்லோரையும் ஒரு எண் இணைக்கிறது. இதை ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து, அதிகாலைக்குள் கணக்குப் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஆணை அனுப்ப முடியுமா? முடியாது என்பதற்கான காரணத்தைத்தான் ஹையக் எழுதினார். 1974-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் பிரீட்மன் 1962-ல் எழுதிய 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' கொஞ்சம் பெரியது, இருநூறு பக்கம் வரும். அதில் தொழில் உரிமம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படித்தாலும் லாபம். பிரீட்மன் 1955-ல் இந்தியா வந்து நம் அரசாங்கத்துக்கே ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தவர். அதே ஆண்டில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு பி.ஆர். ஷெனாய் என்ற இந்தியப் பொருளாதார அறிஞர் தன் மாற்றுக் கருத்தை எழுத்திலேயே பதிவு செய்தார். இரண்டையும் அன்றைக்கு யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம் பக்கத்தில் இதே வழியில் யோசித்தவர் ராஜாஜி. 1952-ல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் துணிந்து எடுத்தார். 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எதற்கும் அரசாங்க அனுமதி வேண்டும் என்ற நிலையைப் பெர்மிட், லைசென்ஸ் ராஜ்யம் என்று அவர் சொன்னது நாடு முழுக்கப் பரவிய சொல்லாயிற்று. 1967 தேர்தலில் அந்தக் கட்சிக்கு மக்களவையில் 44 இடங்கள் கிடைத்தன. ஸ்கூட்டருக்கும் டெலிபோனுக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அவர் எதை எதிர்த்தார் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்த 1991-க்குப் பிறகு பிறந்தவர்கள்தான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரேஷன் கடையும் சத்துணவும் இல்லாமல் ஏழை என்ன செய்வான் என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. கேட்க வேண்டிய கேள்வி. இந்த எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறவர்கள் இல்லை. 1944-ல் எழுதிய தன் புகழ்பெற்ற நூலில் ஹையக், வசதி வந்த ஒரு சமூகம் எல்லோருக்கும் குறைந்தபட்ச உணவு, உடை, உறைவிடத்தை உறுதி செய்யலாம் என்று ஒப்புக்கொள்கிறார். பிரீட்மன், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கட்டும் என்றார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மரே ரோத்பார்ட் போன்றவர்கள் அரசு என்பதே வேண்டாம் என்கிற எல்லை வரை போகிறார்கள். அவருடைய 'அரசின் உடற்கூறு' மிகச் சிறியது, எழுத்தும் கூர்மை. ஆனால் அதை முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள். நீதிமன்றமும் காவலும் இல்லாத இடத்தில் எளியவன் சொத்தை யார் காப்பார்கள் என்பதற்கு எனக்கு அதில் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது. இந்தப் புத்தகங்களில் சாதி வராது. சந்தைக்குள்ளேயே வரவிடாமல் ஒரு கூட்டத்தைத் தடுத்து வைத்திருந்த சமூகத்தை அவர்கள் பார்த்து எழுதவில்லை. விற்கவும் வாங்கவும் சுதந்திரம் வேண்டும் என்று சொல்கிறவர்கள், தெருவில் நடக்கவும் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் தடை இருந்த ஊரைப் பற்றி முதலில் பேச வேண்டும். அதை நாம்தான் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

அப்படிச் சேர்த்துப் படிக்க விருதுநகரில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒதுக்கப்பட்டிருந்த நாடார் வணிகர்கள் மகமை என்று தங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கைத் தாங்களே எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தார்கள். 1889-ல் சத்திரிய வித்தியாசாலை வந்தது அந்த முயற்சியில்தான். காமராஜர் படித்த பள்ளி அது. அரசாங்கம் செய்யாவிட்டால் யார் செய்வார்கள் என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் கட்டடமாகவே நிற்கிறது. அந்தப் பள்ளியில் படித்த காமராஜரே முதலமைச்சராகி, அரசாங்கத்தின் மூலமாக ஊர் ஊராகப் பள்ளி திறந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஹாஸ்லிட்டைப் படிக்கிற பிள்ளை, அவரிடம் எங்கே தலையாட்டலாம், எங்கே மறுக்கலாம் என்று தானே கண்டுகொள்ளும்.

எழுத்து நடையைவிடப் பேச்சு நடை பிடிக்கும் என்பவர்களுக்குப் பொருளாதார அறிஞர் லுட்விக் வான் மீசஸ் அர்ஜென்டினாவில் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் இருக்கின்றன. அவர் மறைவுக்குப் பிறகு 1979-ல் சிறு நூலாக வந்தன. மாணவர்களுக்கு எதிரே நின்று பேசியவை என்பதால் வாசிப்பு இலகுவாக ஓடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாஸ்டியா எழுதியவற்றுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கண்ணாடிக் கதை சில பக்கம்தான். மதுரைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள், நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு பக்கமாக எடுத்துக்கொண்டு நல்ல தமிழில் கொண்டுவர முடியும். பிராங்கை ரூபாயாக்குங்கள், கடைக்காரரைத் தெற்கு மாசி வீதியில் உட்கார வையுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்துங்கள். முடித்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.

வணக்கம்.