ரசீதுக்குப் பின்னால்

(சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரை)

நண்பர்களே, வணக்கம். நீதிமன்ற வராந்தாவில் தினமும் காதில் விழும் ஒரு வாக்கியம்: "சின்ன கேஸ்தானே, ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ தம்பி." வக்கீல் சொல்வார், ஏட்டு சொல்வார், சில நேரம் பெற்ற அப்பாவே சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். வாய்தாவுக்கு வாய்தா அலைந்து கூலி கெடுவதைவிட ஐந்நூறு ரூபாயோடு போகட்டுமே என்ற கணக்கு.

அப்படி நான் சொல்லி ஒப்புக்கொண்ட பையன் ஒருவன். திருவிழாக் கைகலப்பு, இரு வீட்டாரும் அன்றிரவே சமாதானம் ஆகிவிட்டார்கள். அபராதம் கட்டினான், ரசீதை வாங்கினான், மறந்தும்விட்டான். எட்டு ஆண்டுகள் கழித்து அரசு வேலைக்குத் தேர்வானபோது, போலீஸ் விசாரணையில் அது மேலே வந்தது. என்னிடம் வந்து கேட்டான்: "கடனை அடைத்தால் பத்திரத்தைத் திருப்பித் தருகிறார்களே சார், இதை ஏன் தரமாட்டேன் என்கிறார்கள்?"

வயது வந்தவரின் பழைய சிறு குற்றப் பதிவை அழித்துத் தரும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. சிறார்களுக்கு உண்டு, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, கொடுங்குற்ற விதிவிலக்கு நீங்கலாக, அந்த ஆவணங்களை அழிக்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். முதல் தடவை சிறு குற்றம் செய்தவரை நீதிபதி கண்டித்து விட்டுவிடலாம் என்கிறது 3ஆம் பிரிவு. அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12ஆம் பிரிவு. தீர்ப்பு அழியாது, ஆனால் தலைக்குமேல் ஒரு குடை கிடைக்கும். அபராதம் கட்டியவனுக்கு அந்தக் குடை இல்லை. அன்றைக்கு அந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்கவில்லை.

2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வழக்கைத் திரும்பப் பெறுவதெல்லாம் தீர்ப்புக்கு முன்புதான் முடியும். சட்டத்துக்குப் பயந்து முதல் வாய்தாவிலேயே ஒப்புக்கொண்டு பணம் கட்டியவருக்கு என்ன கிடைத்தது? இழுத்தடித்தவர் தப்பினார்; அடங்கிப்போனவர் பெயர் ஏட்டில் நின்றது.

நீதிமன்றங்கள் இரக்கம் காட்டாமல் இல்லை. 2011இல், பழைய வழக்கொன்றை மறைத்த டெல்லி காவல்துறை விண்ணப்பதாரரின் பக்கம் நின்ற உச்ச நீதிமன்றம், ரொட்டி திருடியதற்காக ஆயுள் முழுக்கத் திருடன் என முத்திரை குத்தப்பட்ட பிரெஞ்சு நாவல் நாயகன் ழான் வால்ழானை நினைவூட்டியது. நமக்கு அவர், அந்த நாவலைத் தழுவிய 'ஏழைபடும் பாடு' படத்தின் வழியாக அறிமுகமானவர். அந்தப் படத்தில் அவரைத் துரத்தும் ஜாவர் என்ற அதிகாரியாக நடித்த சீதாராமன் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன்தான். ஒட்டிய பெயர் நடிகரையே விடவில்லை! 2016இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, அற்பமான வழக்கை மறைத்திருந்தால் வேலை தருபவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. பொறுத்துக்கொள்ள'லாம்'. அந்த 'லாம்' யாருக்கு எப்போது கிடைக்கும் என்பது உயர் நீதிமன்றம்வரை போகக் காசிருப்பதைப் பொறுத்தது.

ஆகவே எனக்கு வேண்டியது கருணை அல்ல, தேதி. பிரிட்டனில் 1974இலேயே சட்டம் செய்தார்கள். இன்று அங்கே அபராதம் மட்டும் பெற்ற வயது வந்தவரின் தண்டனை ஓராண்டில் காலாவதியாகிவிடும். பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. மனு வேண்டாம், வக்கீல் வேண்டாம். குழந்தைகளோடு பழகும் வேலைகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இங்கேயும் இருக்கட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை.

அப்படி ஒரு சட்டம் வரும்வரை வேலைக்கான படிவத்தில் 'உங்கள்மீது வழக்கு ஏதும் இருந்ததா?' என்ற கேள்வி இருக்கத்தான் செய்யும். நான் சொன்ன அந்தப் பையன் 'இல்லை' என்று எழுதியிருந்தான். மறந்துபோய்த்தான் எழுதினான், ஆனால் வழக்கைவிட அந்த ஒரு சொல்தான் இப்போது அவனுக்குப் பெரிய தொல்லை. இங்கே யாராவது படிவம் நிரப்பும் நிலையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். எழுதுவதற்கு முன்னால் பாருங்கள்.