பரங்கிமலையில் கிடத்திய சங்கிலி

நேயர்களுக்கு வணக்கம். தென்னை மரத்தின் உயரத்தை ஏறாமலே அறிய, வெயில் நேரத்தில் அதனருகே ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி நட்டு, இரண்டின் நிழலையும் அளந்தால் போதும். குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், மரத்தின் நிழல் 12 மீட்டர் என்றால், மரம் 15 மீட்டர் உயரம். சூரியக் கதிர்கள் இணையாக வந்து விழுவதால், குச்சியும் நிழலும் சேர்ந்த செங்கோண முக்கோணமும், மரமும் நிழலும் சேர்ந்த முக்கோணமும் வடிவொத்தவை. உயரத்தை நிழலால் வகுத்தால் இரண்டிலும் 1.25 தான் வரும்.

இந்த 1.25 என்ற எண் கோணத்துக்குச் சொந்தமானது. கதிர் தரையோடு ஏறத்தாழ 51.3 பாகைக் கோணம் அமைக்கும்போதெல்லாம், கோபுரமானாலும் கொடிக்கம்பமானாலும், சமதரையில் இதே விகிதம்தான். அதையே அக்கோணத்தின் டேன் மதிப்பு என்கிறோம். சைன், கொசைன் மதிப்புகளும் இப்படிப் பிறந்தவையே. அட்டவணையை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இந்தக் குச்சியை முதலில் காட்டிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் கோணங்கள் வடிவத்தைத்தான் சொல்லும், அளவைச் சொல்லா. ஒரு நீளத்தையாவது நேரில் அளந்தாக வேண்டும். அதற்காகவே 1802 ஏப்ரலில், இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களால் அளக்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லியம் லாம்டன், சென்னையின் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டை, அதாவது முதல் முக்கோணத்தின் அடிப்பக்கத்தை, அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் அது நீளும் என்பதால் வெப்பமானி வைத்து வெப்பநிலையையும் குறித்துத் திருத்தி, 57 நாட்கள் அளந்தார்கள். அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதன்பின் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைத் தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியால் நோக்கிக் கோணங்களைக் குறித்தால், மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். முக்கோணத்தின் ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு இறக்கினால் அது இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரியும். அவற்றுக்கு நம் பழைய விகிதங்களே போதும். கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும்.

இவ்வாறு முக்கோணத்தோடு முக்கோணம் கோத்து நில அளவையாளர்கள் இமயத்தின் அடிவாரம்வரை சென்றார்கள். நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், நூறு மைலுக்கு அப்பால் சமவெளியில் நின்றே பதினைந்தாம் எண்ணிட்ட சிகரத்தின் ஏற்றக் கோணத்தைக் குறித்தார்கள். காற்றில் ஒளி வளைவதற்கும் பூமியின் வளைவுக்கும் திருத்தம் செய்து, 1856 இல் அவர்கள் அறிவித்த உயரம் 29,002 அடி. இன்று அதை எவரெஸ்ட் என்கிறோம். வணக்கம்.