ஹம்ப் ஏறினா ‘டொக் டொக்’: நாலு அப்சோபரையும் மாத்தணுமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்லேர்ந்து ஒரு நேயர் கேட்டிருக்காரு. 12 வருஷ டொயோட்டா ஆல்டிஸ் கார், சிஓஇ-யை (வண்டி வச்சிருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சு ஓட்டுறாராம். மல்டி ஸ்டோரி கார்பார்க்ல மெதுவா ஹம்ப் (வேகத்தடை) ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக் டொக்’னு சத்தம். இடது பக்கம் அப்சோபர்ல (வண்டியோட குலுக்கலை அடக்குற எண்ணெய்க் குழாய்) எண்ணெய் கசியுது. வொர்க்‌ஷாப்ல நாலையும் மாத்தணும்ங்கிறாங்க, கசியிற ஒண்ணை மட்டும் மாத்தினா போதாதான்னு கேக்குறாரு.

சத்தத்தையும் கசிவையும் முதல்ல பிரிச்சுப் பாருங்க. அப்சோபர் போனா பல நேரம் சத்தமே வராது, வண்டி ஆடும், அவ்வளவுதான். மெதுவா போகையில ‘டொக்’னு வந்தா பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாம தடுக்குற கம்பியை இணைக்கிற சின்னத் தண்டு), அப்சோபருக்கு மேல இருக்கிற மவுண்டிங் (அதை வண்டியோட சேர்த்துப் பிடிக்கிற தாங்கி), இல்லன்னா லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடிக்கிற கையில இருக்கிற ரப்பர்). லிங்கைக் கையால பிடிச்சு வேகமா ஆட்டினாலே லூஸ் தெரிஞ்சுடும். மவுண்டிங்ல இருக்கிற பேரிங்கைச் சோதிக்க, ஒருத்தர் ஸ்டியரிங்கை மெதுவா திருப்பட்டும், நீங்க ஸ்பிரிங்கோட வெளிப்பக்கம் உள்ளங்கையை வைங்க. சுருளுக்கு நடுவுல விரலை விட்டுடாதீங்க. ஸ்பிரிங் வெட்டி வெட்டித் துள்ளினா பேரிங் போச்சு.

கசிவுலயும் ரெண்டு வகை இருக்கு. சீலுக்கு (எண்ணெய் வெளியே வராம தடுக்குற ரப்பர் வளையம்) கீழ லேசா தூசி ஒட்டின ஈரம் இருந்தா பயப்பட வேணாம், அப்சோபருக்குள்ள போய் வர்ற ராடுல மெல்லிசா எண்ணெய் இருந்தாத்தான் சீல் தேயாது. அப்சோபர் பாடி பாதிக்கு மேல நனைஞ்சு வழிஞ்சா மாத்தித்தான் ஆகணும். வண்டியோட மூலையை அழுத்தி விட்டுப் பாக்குறோமே, அதை முழுசா நம்பாதீங்க. ரெண்டு மூணு தடவை குதிச்சா அப்சோபர் போச்சு, சரி. ஆனா குதிக்கலைங்கிறதால நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது. டயர் மேல கையை ஓட்டுங்க, அங்கங்க குழி குழியா தேஞ்சிருந்தா அப்சோபர் மேலயும் சந்தேகப்படணும்.

இப்ப கேள்விக்கு வர்றேன். ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க. புதுசும் பழசும் ஒரே ஆக்சில்ல இருந்தா, பிரேக் அடிக்கும்போதும் வளைவுலயும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துக்காது. முன்னாடி ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. பின்னாடி காஞ்சு இருந்து டயரும் சமமா தேஞ்சிருந்தா அப்படியே விடலாம், நாலும் கட்டாயமில்ல.

முன்னாடி கழட்டும்போதே ரெண்டு மவுண்டிங், பேரிங், பம்ப் ஸ்டாப் (அப்சோபர் முழுசா அழுந்தும்போது தாங்குற ரப்பர்), டஸ்ட் கவர் எல்லாத்தையும் புதுசா போட்டுடுங்க. பழைய மவுண்டிங்கைத் திருப்பிப் போட்டா, அது போகும்போது அதே கூலியை மறுபடி கொடுக்கணும். ஸ்பிரிங்கோட கடைசிச் சுருள் துருப்பிடிச்சு உடைஞ்சிருக்கான்னும் பாருங்க.

வேலையில ஆபத்தானது ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் கம்பிரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற கருவி) போட்டு அழுத்தி, ஸ்பிரிங் சீட்டை விட்டு விலகினப்புறம்தான் ராடு மேல இருக்கிற நடு நட்டைத் தொடணும். முன்னாடியே கழட்டினா அது ஆளை அடிச்சுடும். ராடை பிளையர்ல பிடிச்சா கீறல் விழுந்து, அந்தக் கீறலே புது சீலைக் கிழிச்சுடும். ராடு நுனியில ஆலன் கீ போட்டுப் பிடிச்சுக்கிட்டு ஸ்பேனர்ல முறுக்கணும், ஏர் கன் வேண்டாம். புது அப்சோபரை நேரா நிறுத்தி மூணு நாலு தடவை முழுசா அழுத்தி இழுத்து உள்ள இருக்கிற காத்தை எடுங்க. ஸ்பிரிங் நுனி சீட்ல இருக்கிற படியில சரியா உட்காரணும். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் அதது கிளிப்லயே மாட்டணும்.

லோவர் ஆர்ம் புஷ் மாத்தினா அதோட போல்ட்டையும், பின் அப்சோபர் மாத்தினா அதோட கீழ் போல்ட்டையும், வண்டியோட எடை சக்கரத்துல இருக்கிறப்போதான் கடைசியா முறுக்கணும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினா, வண்டியை இறக்கினதும் புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரமே கிழியும். இதை அவசரத்துல நிறைய பேர் விட்டுடுறாங்க. அப்புறம் அலைன்மென்ட். முன் ஸ்டிரட்டை (அப்சோபரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்) கழட்டினாலே கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) மாறும், அதனால கேக்காமலே செய்யச் சொல்லுங்க.

5 வருஷம் புதுப்பிச்ச சிஓஇ-யை மறுபடி நீட்டிக்க முடியாது, உங்களுக்கு மிச்சம் சுமாரா 3 வருஷம். அட்ஜஸ்டபிள் செட்டெல்லாம் எதுக்கு? ஒரிஜினல் தரத்துல கேவைபி பிராண்ட் மாதிரி சாதாரணம் போதும். கழட்டின பழசை வாங்கி நேரா நிறுத்தி ராடை உள்ள தள்ளிப் பாருங்க. ஒரே சீரா எதிர்த்தா உயிர் இருக்கு. பாதி வழியில திடீர்னு எதிர்ப்பே இல்லாம ‘சொத்’துனு இறங்கினா, அதை மாத்தினது சரிதான்.